ஆடியில் வாங்கிய கேமரா

எங்கள் தொழிலில் புதுக் கேமரா வாங்கத் தோதான மாதம் ஆடி. தள்ளுபடியை நினைத்துச் சொல்லவில்லை. கல்யாண முகூர்த்தம் கிடையாது; மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும்; வைகாசி, ஆனி இரண்டும் ஓடிய ஓட்டத்தில் வீங்கிய கால் கொஞ்சம் வற்றும். நடுத் தை மாதத்தில் நேற்று வாங்கிய பாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கெட்டிமேளத்துக்கு ஐயர் கையை ஆட்டுகிற நேரத்தில் விரல் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மயிலாடுதுறையில் கடை வைத்திருப்பவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆடியிலும் ஓயாத நாதஸ்வரம் பக்கத்திலேயே, திருக்கடையூரில் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் முகூர்த்த மாதம் பார்ப்பதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குச் செய்துவிடுவார்கள். ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலேதான், மார்கழியில் பிறந்தவருக்கு மார்கழியிலேதான். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த சுவாமி இருக்கிற ஊர் என்பதால், ஆயுள் வேண்டி வருஷம் முழுக்க ஜனம் வந்துகொண்டே இருக்கும். உக்ரரத சாந்தி, சஷ்டியப்த பூர்த்தி, பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று வயதுக்கு ஒரு பெயர். இளம் ஜோடிகளைவிட அதிகமாக நான் படம் பிடித்திருப்பது தாத்தா பாட்டிகளைத்தான். அதனால் புதுக் கேமராவுக்கு நான் வைக்கிற பரீட்சையும் வேறு.

பழையது கேனான் 5டி மார்க் 3. 2012இல் வந்த மாடல். நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில். ஷட்டர் மாற்றி, பிடியின் ரப்பர் பிய்ந்து ஒட்டி, கறுப்புப் பெயின்ட் தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் பளபளக்கத் தொடங்கியிருந்தது. படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கண்ணாடி வைத்த கேமராக்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 5டி வரிசை 2016இல் வந்த மார்க் 4 உடன் நின்றுவிட்டது. அடுத்த ரிப்பேருக்குப் பார்ட்ஸ் கிடைக்குமா என்று சர்வீஸ்காரர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால், முகூர்த்த நாளில் அந்தக் கேமராவை நம்பி நிற்க முடியாது. ஆகவே ஆர்6 மார்க் 2. 2022 நவம்பரில் அறிவித்த மாடல்.

இந்தக் கண்ணாடி சமாச்சாரத்தை வாடிக்கையாளர்களே இப்போது கேட்கிறார்கள். “மிர்ரர்லெஸ்ஸா அண்ணே வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸைப் பற்றிப் பேசுகிறார்கள். விஷயம் இதுதான். பழைய கேமராவின் உள்ளே சாய்ந்த கண்ணாடி ஒன்று லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பி வழி விடும், சென்சாரில் வெளிச்சம் விழும், ‘டப்’பென்று கண்ணாடி கீழே இறங்கும். புதியதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது பார்ப்பதைத்தான் வ்யூஃபைண்டருக்குள் இருக்கிற குட்டித் திரை நமக்குக் காட்டுகிறது. கண்ணாடிக்கு இடம் விட வேண்டாம் என்பதால் லென்ஸ் மாட்டும் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவே இருந்த 44 மில்லிமீட்டர் 20 ஆகிவிட்டது. மீதி 24 மில்லிமீட்டரை அடாப்டர் என்கிற ஒரு வளையம் நிரப்பினால், 1987இல் தொடங்கிய பழைய வரிசை லென்ஸ்கள் எல்லாம் அப்படியே வேலை செய்யும். பாடியை மாற்றக் கடன் வாங்கலாம். லென்ஸ்களையும் சேர்த்து மாற்றுவதென்றால் வீட்டுப் பத்திரம் வேண்டும். அந்த வளையம் என் வீட்டைக் காப்பாற்றியது.

பழையது பேட்டரியோடு ஏறத்தாழ 950 கிராம், புதியது 670. மணிக்கட்டு சந்தோஷப்பட்டது. ஆனால் கைக்குப் பழகியிருந்தது எடை மட்டும் இல்லை. பழையதில் ஆன்-ஆஃப் சுவிட்ச் இடது தோளில். புதியதில் அது வலது பக்கம் போய்விட்டது. இடது தோளில், கை வழக்கமாகப் போய்த் தொடுகிற அதே இடத்தில், ஃபோட்டோவா வீடியோவா என்று மாற்றுகிற சுவிட்ச். அணைக்கப் போகிற கை வீடியோவுக்கு மாற்றிவிட்டு வந்துவிடும். எடுத்த படத்தைப் பார்க்கவும் பெரிதாக்கவும் திரைக்கு இடப்பக்கம் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன. இப்போது அந்தப் பக்கம் மெனு பட்டன் தவிர வெறுமை. மேலே இருந்த சின்ன எல்சிடி, குனிந்து ஒரு பார்வையில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் சொன்னதே, அதுவும் போயிற்று.

இதற்கு மெனுவை மனப்பாடம் செய்து பயனில்லை. மூளைக்குத் தெரிந்துவிடும், விரலுக்குத் தெரியாது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமலேயே ஆன் செய்து, ஐஎஸ்ஓ ஏற்றி, இறக்கி, ஃபோகஸ் புள்ளியை ஓரத்துக்குத் தள்ளி, அணைத்து, மறுபடி ஆன் செய்து... “என்னங்க, ஜபமாலை உருட்டுற மாதிரி உருட்டுறீங்க” என்றாள் மனைவி. ஆமாம், அதேதான். ஜபம் செய்கிறவர் மணியை எண்ணிப் பார்ப்பதில்லை, விரலே நகர்கிறது. அந்த நிலைக்கு வரும்வரை வாடகைக்குக்கூட அந்தக் கேமராவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது என் கட்சி. விரும்பிய பட்டனுக்கு விரும்பிய வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று புதுக் கேமராக்கள் ஏகப்பட்ட சுதந்திரம் தருகின்றன. நான் அதில் பெரும்பகுதியைத் தொடவில்லை. ஒரே வாரத்தில் மூன்று விதமாக மாற்றி வைத்துக்கொள்கிற இளைஞர்களை எனக்குத் தெரியும்; அவர்களுடைய விரல் எந்த ஊர் வழியையும் கற்றுக்கொள்வதில்லை.

கை பழகியபின் கண். பழைய வ்யூஃபைண்டரில் பார்ப்பது உலகத்தையே. இதில் பார்ப்பது படத்தை. வெளிச்சம் போதாவிட்டால் பழையதிலும் இருட்டாகத்தான் தெரியும், ஆனால் படம் எப்படி விழும் என்பதை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வோம். டியூப் லைட் எரிகிற பிராகாரத்தில், ஹோமப் புகையில், வெள்ளை வேட்டிக்கு இத்தனை, மஞ்சள் சேலைக்கு இத்தனை என்று ஒரு வாய்ப்பாடு. புதியதில் டயலைத் திருப்பத் திருப்பத் திரை வெளுக்கிறது, கறுக்கிறது. விழப்போகிற படம் முன்னாலேயே நிற்கிறது. கற்றுக்கொள்ள வருகிற பையனுக்கு இது பெரிய வரம். எனக்கு முதலில் கொஞ்சம் அவமானமாக இருந்தது, இத்தனை வருஷ வாய்ப்பாட்டுக்கு மதிப்பில்லையே என்று.

கடைப் பையன் மிர்ரர்லெஸ்ஸிலேயே தொழில் படித்தவன். ஒருநாள் பழைய 5டியை அவன் கையில் கொடுத்து வாசலில் நாலு படம் எடுத்து வரச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். “அண்ணே, இது கெட்டுப்போச்சு. என்ன திருப்பினாலும் உள்ளே மாறவே மாட்டேங்குது.”

ஆனால் இந்தத் திரைக்கும் ஒரு குணம் உண்டு. ஸ்டுடியோ விளக்குகளை டிரிக்கர் வைத்து அடிக்கும்போது கேமராவுக்கு அந்த ஃப்ளாஷ் வரப்போவது தெரியாது. சில டிரிக்கர்களை அது அடையாளம் காண்பதே இல்லை. இருக்கிற வெளிச்சத்தில் படம் இருட்டாகத்தானே விழும் என்று நினைத்து, கண்ணுக்கு முன்னால் கன்னங்கரேலென்று ஒரு திரையைக் காட்டும். எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்று மெனுவில் ஒரு வரி. அதை அணைத்தால் எல்லாம் தெரியும். பெட்டியைப் பிரித்து ஸ்ட்ராப் மாட்டும்போதே இதைச் சொல்லிக்கொடுக்காமல் என்னென்னமோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.

திருக்கடையூரில்தான் அசல் பரீட்சை. பிராகாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பல குடும்பங்கள். இங்கே ஓர் அறுபது, அங்கே ஒரு எண்பது. கலசங்களுக்கு நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, அவரவர் ஐயர் அவரவர் சுருதியில் மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பார். புதுக் கேமரா மனிதக் கண்ணைத் தேடிப் பிடிக்கிற கேமரா. பழையதில் 61 ஃபோகஸ் புள்ளிகளும் படத்தின் நடுவே கும்பலாக இருக்கும். இதில் ஏறக்குறைய விளிம்பு வரைக்கும் எங்கே முகம் இருந்தாலும் பாய்ந்துவிடும். அதுதான் தொந்தரவும். நம்முடைய தாத்தா கண்ணை மூடி சங்கல்பம் செய்துகொண்டிருப்பார். நாலடி தள்ளிப் பக்கத்துக் குடும்பத்துத் தாத்தா கண்ணைத் திறந்து யானையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேமராவுக்கு யாருடைய கல்யாணம் என்று தெரியுமா?

தாலி கட்டும்போது இன்னும் மோசம். பாட்டி தலையைக் குனிந்திருப்பார், கண் தெரியாது. தாத்தாவும் முடிச்சைப் பார்த்துக் குனிந்திருப்பார். பின்னால் நின்று மாலையை விலக்கிப் பிடித்திருக்கிற மகளின் கண் மட்டும் நேராக லென்ஸைப் பார்க்கும். விட்டால் மகள்தான் பளிச்சென்று விழுவாள், தாலியும் நடுங்குகிற விரல்களும் மங்கிவிடும். அறுபதாம் கல்யாணத்தில் முகத்தைவிட அந்த விரல்கள் முக்கியம். முதல் தடவை கட்டிய அதே விரல்கள், இப்போது முட்டி பெருத்து, நரம்பு எழும்பி, முடிச்சு லேசில் வசப்படாமல் போராடும். நான் பெருவிரலுக்கு அடுத்தடுத்து இருக்கிற இரண்டு பட்டன்களில் ஒன்றைக் கண்ணைப் பிடிக்கவும் இன்னொன்றை நான் வைத்த ஒற்றைப் புள்ளியைப் பிடிக்கவும் பிரித்துக்கொண்டேன். மெனுவில் நான் செய்த உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான்.

பிறகு கலச அபிஷேகம். மகன், மருமகள், பேரன் என்று ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழும்போது முகத்தில் ஒரு திடுக்கிடல் வரும். எண்பது வயசுக்காரர் நொடிப்பொழுது பத்து வயசுப் பையனாகிவிடுவார். அது எப்போது வரும் என்று எவனாலும் சொல்ல முடியாது. பழைய கேமராவில் அந்தக் கணம் எனக்குத் தெரியாது. கண்ணாடி எழும்பி என் கண்ணை மறைத்திருக்கிற நேரத்தில்தான் படம் விழும். கண்ணில் பார்த்துவிட்டோம் என்றால் படம் தப்பிவிட்டது என்றே அர்த்தம். புதியதில், பட்டனை முழுசாக அழுத்துவதற்கு அரை விநாடிக்கு முன்பிருந்தே படங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் வீறாப்புக்காரன் இல்லை.

சத்தம் போடாமல் எடுக்கிற வசதியை மட்டும் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. மாதா கோவில் திருமணத்தில் ஃபாதர் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார், அது லாபம். சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு வைத்தால், மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் இருக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை ஒரே வீச்சில் படிப்பதில்லை, வரி வரியாக மேலிருந்து கீழே படிக்கிறது. எல்இடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. இரண்டும் சேர்ந்து தாத்தாவின் தலைக்குப் பின்னால் வரிக்குதிரை போட்டுவிடும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கும்; மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100இல் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அதைவிடப் பெரிய காரணம் பெரியவர்கள். ‘டப்’ என்று சத்தம் கேட்டால்தான் அவர்களுக்குப் படம் எடுத்தாயிற்று. சத்தமில்லாமல் எடுத்துவிட்டு நான் கேமராவை இறக்கிய பிறகும் ஒரு பாட்டி கழுத்தை நிமிர்த்தி, புன்னகையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இன்னும் எடுக்கலியா தம்பி?” அவரை அந்த அவஸ்தையில் விடுவதற்கில்லை. பெரியவர்களை உட்கார்த்தி எடுக்கும்போது ஷட்டர் சத்தம் எனக்குக் கட்டாயம்.

கேமரா பழகிவிட்டது. படம் கொடுக்கிற வேலைதான் தலைகீழாக மாறிப்போனது.

ரோலுக்கு 36 படம் என்றிருந்த காலத்தில், எத்தனை ரோல் என்று பேசித்தான் கூலி. என் குருநாதர் ஊட்டி ஃபேக்டரியில் செய்த ‘இந்து’ ஃபிலிமில் தொழில் பழகியவர். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் அவர் மூச்சு நிற்கும். இந்தக் கேமரா மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 12, எலெக்ட்ரானிக்கில் 40. ஒரு செம்புத் தண்ணீர் விழுந்து முடிவதற்குள் ஒரு ரோலுக்கு மேல் ஓடிவிடும். ராத்திரி உட்கார்ந்து கழிப்பதுதான் இப்போது தொழிலில் பாதி. பக்கத்துக் கடைக்காரர் எடுத்தது எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார், வாடிக்கையாளரும் மகிழ்ந்து போகிறார். நான் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்தால் யாரும் முதல் நூறைத் தாண்டுவதில்லை. தாலி கட்டுகிற விரல்கள் ஆயிரத்து இருநூறாவது படமாக எங்கேயோ புதைந்து கிடக்கும். கழிப்பதற்கும் சேர்த்துத்தானே கூலி வாங்குகிறோம்?

அன்றன்றைக்கே படம் கேட்கிறார்கள் என்பது இன்னொன்று. திருக்கடையூருக்கு வருகிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஒரு பிள்ளையாவது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும்; லீவு கிடைத்திருக்காது. அப்பா தலையில் தண்ணீர் ஊற்ற முடியாத மகன், அமெரிக்காவில் என்றால் நடுராத்திரியில், ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேமராவிலிருந்து வைஃபை வழியாகப் படத்தைச் சுருக்கி ஃபோனுக்கு இழுக்க முடிகிறது. தம்பதி ஈரம் மாற்றிக்கொண்டு வருவதற்குள் நாலைந்து படம் போய்விடும். இந்தப் பாடி எனக்குச் செய்து கொடுத்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

அதிலும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. யாருக்கு முதலில் அனுப்புவது? பெரிய மகனுக்குப் போய்ப் பத்து நிமிஷம் கழித்துச் சின்ன மகனுக்குப் போனால், அந்தப் பத்து நிமிஷத்தில் பெரிய மருமகளின் ஸ்டேட்டஸில் படம் ஏறியிருக்கும், சின்ன மருமகளின் அம்மா அதைப் பார்த்திருப்பார். பந்தியில் அது எதிரொலிக்கும். அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே எல்லாப் பிள்ளைகளின் எண்ணையும் வாங்கி ஒரு குரூப் போட்டுவிடுகிறேன். முதல் படம் எப்போதும் தம்பதி மட்டும் இருக்கிற படம். பிள்ளைகளில் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற பேச்சே எழாது.

வாட்ஸ்அப்பில் போகிற படம் அசல் இல்லை என்பதை மட்டும் எத்தனை சொன்னாலும் புரியவைக்க முடியவில்லை. கேமராவில் 6000க்கு 4000 புள்ளிகளாக விழுந்த படம், சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600க்குச் சுருங்கிவிடும். 2023இல் எச்டி என்று ஒரு பொத்தான் வந்தது. கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் அசல் இல்லை. டாக்குமெண்டாக அனுப்பினால்தான் முழுசாகப் போகும். ஃபோன் திரையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது பிரின்ட் போடும்போது.

விடியற்காலையில் ஃபோன் வரும். “அண்ணே, அப்பா தவறிட்டாரு. நீங்க எடுத்த படம் ஒண்ணு எங்க ஃபோன்ல இருக்கு. ஃப்ளெக்ஸ் கடையில பெருசு பண்ணா கட்டம் கட்டமா வருதுங்கறாங்க.” நம் ஊரில் பெரியவர்களுக்கு நல்ல கேமராவில் விழுந்த கடைசிப் படம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்யாணத்தில் எடுத்ததுதான். அதில் கழுத்து முழுக்க மாலை, தோளில் யாரோ ஒருவர் கை, நெற்றியில் வழிகிற சந்தனம். வெட்டி ஒட்டினால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பாதி மாலை தொங்கும்.

இதற்காகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சடங்கெல்லாம் முடிந்து, மாலையைக் கழற்றி, காபி குடித்து, உடம்பு தளர்ந்து உட்காருகிற நேரத்தில், இரண்டு பேரையும் தனித்தனியாக ஒரு வெறும் சுவர் பக்கம் திருப்பி ஒவ்வொரு படம். ஜன்னல் வெளிச்சம் போதும். கண் கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு. “இது எதுக்குப்பா?” என்று கேட்பார்கள். “பாஸ்போர்ட்டுக்கு ஆகும்மா” என்பேன். ஒரு தாத்தா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நல்லா எடு, பத்திரமா வை” என்றார். அந்தப் படங்களில் முகச் சுருக்கத்தை வழிக்கக் கூடாது என்று எடிட்டிங் பையனுக்குக் கண்டிப்பான உத்தரவு. எண்பது வயசு முகத்தை மைதா மாவு பூசினாற்போல் ஆக்கிவிடுகிறார்கள். ஹார்டு டிஸ்க் இரண்டில், வருஷம், மாதம், நட்சத்திரம் என்று போல்டர். ரோகிணி என்று தேடினால் கிடைத்துவிடும். இந்தப் படங்களுக்குக் காசு வாங்குவதில்லை, அழிப்பதும் இல்லை.

மற்ற படங்களுக்கு அத்தனை நேர்த்தியான முடிவு கிடையாது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று லிங்க் அனுப்புவேன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு சைஸ் கரிஷ்மா ஆல்பம், இத்தனை ஷீட், இத்தனை படம் என்று பேசியிருப்போம். அறுபதாம் கல்யாணக்காரர்கள் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். தாத்தா தானே கடைக்கு வந்து, என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை இருக்கிற படங்களை எண்ணிப் பார்த்துச் சரிசமமாகச் சேர்த்துவிட்டுப் போவார். இளம் ஜோடிகள்தான் கஷ்டம். இரண்டு பேருக்கும் வேலை பெங்களூரில், சனி ஞாயிறு பார்க்கிறோம் அண்ணா என்பார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு பட்டியல், இங்கே ஒரு பட்டியல். மீதிப் பணம் ஆல்பத்தோடு கட்டிக்கொண்டு நிற்கும்.

போன மாதம் அப்படி ஒரு ஜோடி கடை வாசலில் வந்து இறங்கியது. அப்பாடா, செலக்‌ஷன் முடிந்தது என்று எழுந்து நின்றேன். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்களாம், ஆர்டர் கொடுக்க வந்திருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, “அண்ணா, கல்யாண ஆல்பம் இன்னும் போடலைல்ல? வளைகாப்பையும் சேர்த்து ஒரே ஆல்பமா போட்டுடலாமா?” என்றாள்.

“போடலாம்மா, ஷீட்டுக்குத் தனிக் காசு” என்றேன்.